சீர் பிரித்த பிறகு

அன்புள்ள மகளுக்கு,

உன் திருக்குறள் கட்டுரையைப் படித்தேன். அடிகளைச் சீர்களாகப் பிரித்தது, சீரும் சீரும் சேரும் தளை பார்த்தது எல்லாம் சரி. ஆனால் "எதுகை வந்துள்ளது, அடுக்குத்தொடர் வந்துள்ளது" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டாய். எனக்கு அதற்கு அப்புறம்தான் ஆசையே தொடங்குகிறது. நீ எடுத்த 341ஆம் குறளையே இன்னொரு தடவை வாய்விட்டுப் படி:

யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்
அதனின் அதனின் இலன்

ஒற்றை விட்டு எண்ணினால் ஓரெழுத்து அசை நேர், ஈரெழுத்து அசை நிரை. அப்படிப் பார்த்தால் முதல் அடி கூவிளம் (நேர் நிரை), கூவிளம், கூவிளம், தேமா (நேர் நேர்). அடுத்தது புளிமா (நிரை நேர்), புளிமா, மலர் (தனி நிரை). விளத்துக்குப் பின் நேர், மாவுக்குப் பின் நிரை என்று வெண்பாவுக்கு உரிய இயற்சீர் வெண்டளை பிசகாமல் ஓடுகிறது. இதுவரை நீயே எழுதியிருக்கிறாய். இப்போது நெடில்களை மட்டும் பார். முதல் அடியில் யா, யா, நீ, யா, நோ என ஐந்து. இரண்டாம் அடியில் ஒன்றுகூட இல்லை! எதை விட்டானோ அதனால் அவனுக்குத் துன்பமில்லை என்று சொல்லும் குறள், 'நோதல்' முடிந்த இடத்திலேயே தன் கனத்தையும் இறக்கிவிடுகிறது.

இது யாப்பின் வேலையா, வள்ளுவரின் வேலையா? 'நோதல்' தேமா என்பதால் அடுத்த சீர் நிரையில் தொடங்கியே தீர வேண்டும். அது வெண்பாவின் கட்டாயம். ஆனால் நிரையசைக்குள் நெடில் வரத் தடையில்லை. 'நீங்கியான்' என்பதில் 'கியான்' வந்திருக்கிறதே. ஆக, நெடிலே இல்லாமல் அந்த அடியை அமைத்தது அவர் தேர்வு.

எதுகையிலும் ஒன்றை விட்டுவிட்டாய். இரண்டாம் எழுத்து ஒன்றுதான். ஆனால் முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும் என்பார்கள். இங்கே 'யா'வுக்கு எதிரே 'அ' நிற்கிறது. நெடில் குறிலாகும் அதே இடம்! அதையும் சேர்த்து எழுது.

அடுக்குகள் பன்மையைக் குறிக்கின்றன என்கிறார் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர். ஒவ்வொன்றாக விடுகிறான், ஒவ்வொன்றாகத் துன்பம் கழிகிறது. இரண்டு 'யாதனின்', இரண்டு 'அதனின்', கணக்கு நேராகிவிடுகிறது. உதடு ஒட்டாத குறள் என்று எல்லோரும் சொல்வதை நீயும் சொல்லியிருக்கிறாய், இருக்கட்டும். எனக்கு அதைவிட இந்தக் கணக்குதான் பெரிது.

ஒன்று மட்டும். நெடில் இல்லாவிட்டாலே ஓசை லேசாகிவிடும் என்று பொதுவாக எழுதிவிடாதே. 'கற்க கசடற' குறளில் 'கற்பவை'யின் 'வை' தவிர நெடில் எழுத்தே கிடையாது, அந்த ஐகாரமும் குறுகித்தான் ஒலிக்கிறது. ஆனாலும் ற்க, ற்ப, ற்ற என்று வல்லினம் முட்டிக்கொண்டு நிற்பதால் இறுக்கமாகத்தான் ஒலிக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதி அனுப்பு, கண்ணு.

அன்புடன்,
அம்மா