மாரடைப்பு: தொடங்கிய நேரத்தையும் 28ஆம் நாளையும் பதிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மாரடைப்பு கூடிவிட்டது, நாற்பது வயதைக் காணாதவர்களும் போய்ச் சேருகிறார்கள் என்ற பேச்சு இல்லாத மரணவீடு இப்போது இல்லை. அந்தப் பேச்சை நாம் அலட்சியம் செய்யவில்லை. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்ரர்ஹார்ட் ஆய்வில் இலங்கையும் இருந்தது. முதல் மாரடைப்பு தெற்காசியருக்குச் சராசரியாக 53 வயதிலும் மற்றவர்களுக்கு 59 அளவிலும் வந்ததை அது காட்டியது. ஆனால் நமது ஊர்களில் யாருக்கு, எவ்வளவு கூடியது? வைத்தியசாலைக்கு உயிரோடு வந்தவர்களில் ஒரு மாதம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு வைத்தியசாலைகளின் அனுமதி, மரண எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. இரு மாவட்டங்களுக்கும் பொதுவான ஒரு மாரடைப்புப் பதிவேடு வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

அனுமதிக் கணக்கு ஆளை எண்ணுவதில்லை, அனுமதியை எண்ணுகிறது. படுவான்கரைக் கிராமமொன்றில் நெஞ்சுவலி வந்த ஒருவர் முதலில் பிரதேச வைத்தியசாலைக்குப் போகிறார், அங்கிருந்து ஆதார வைத்தியசாலைக்கு, பிறகு போதனா வைத்தியசாலைக்கு, சிலவேளை அங்கிருந்தும் வேறோர் இடத்துக்கு. ஆள் ஒருவர், வந்த மாரடைப்பு ஒன்று. கணக்கிலோ அது மூன்று, நான்காகிவிடும். அவர் கடைசி இடத்தில் இறந்தால் முந்திய வைத்தியசாலைகளில் எல்லாம் ‘இடமாற்றம்’ என்றே இருக்கும். இறப்பு அங்கு ஏறாது. உலக சுகாதார நிறுவனம் 21 நாடுகளில் நடத்திய மொனிக்கா ஆய்வு இதற்கு ஓர் எளிய விதியை வைத்திருந்தது. முதல் அறிகுறியிலிருந்து 28 நாட்களுக்குள் நடப்பதெல்லாம் ஒரே நிகழ்வு. 28ஆம் நாளில் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதே அதன் முடிவு. அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

வீதம் காண்பதற்கு வகுக்கும் எண்ணான சனத்தொகையிலும் கிழக்குக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அம்பாறை நிருவாகத்தில் ஒரு மாவட்டம். சுகாதாரத்தில் அம்பாறை, கல்முனை என்று இரண்டு பிராந்தியம். கல்முனைப் பிராந்தியத்தின் நோயாளர் எண்ணிக்கையை முழு அம்பாறை மாவட்டத்தின் சனத்தொகையால் வகுத்தால் வரும் வீதம் எதையும் குறிக்காது. மட்டக்களப்புக்கு வரும் நோயாளர் எல்லோரும் மட்டக்களப்பாரும் அல்லர். ஆகவே பதிவேட்டில் வைத்தியசாலையின் பெயருக்கு முன்னால் நோயாளி வசிக்கும் கிராம சேவகர் பிரிவு எழுதப்பட வேண்டும். வயதும் அப்படியே. முதியோர் தொகை கூடும்போது நோயின் வேகம் கூடாமலே மரண எண்ணிக்கை கூடும். 35–44, 45–54, 55–64 என்று வயதுக் கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் இலட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால்தான் ‘இளம் வயதில் கூடுகிறது’ என்பது மெய்யா என்று தெரியும்.

சிறிய எண்களோடு இன்னும் கவனம் வேண்டும். ஒரு பிரதேச செயலகப் பிரிவில் போன வருடம் 8 மரணம், இந்த வருடம் 12 என்றால் ‘50 வீத அதிகரிப்பு’ என்று தலைப்புப் போடலாம். 8 என்ற எண்ணிக்கை தற்செயலாகவே 3க்கும் 16க்கும் இடையில் எங்கும் விழக்கூடியது. மூன்று வருடத்தைச் சேர்த்துப் பார்க்காமல் அப்படி எழுதுவது மக்களைப் பயமுறுத்துவதில்தான் முடியும்.

இதயத்தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கூடும் ‘ரொபோனின்’ என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனை வந்ததும், 2000ஆம் ஆண்டில் மாரடைப்பின் வரைவிலக்கணமே அதையொட்டி மாற்றப்பட்டதும் இன்னொரு பொறி. முன்பு ‘நெஞ்சுவலி’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிறிய மாரடைப்புகள் இப்போது பிடிபடுகின்றன. எண்ணிக்கை ஏறும், இறப்பு வீதம் இறங்கும். நோயும் சிகிச்சையும் மாறாமலே இரண்டும் நடக்கும். ஈ.சி.ஜி. கோட்டில் ‘எஸ்.ரி.’ எனப்படும் பகுதி உயர்ந்த மாரடைப்பை (பெரும்பாலும் குழாய் முழுதாக அடைபட்டது) தனியாகவும் மற்றதைத் தனியாகவும் பதிந்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

இனி நேரம். பதிவேட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. நான்கு நேரங்கள் போதும்: வலி தொடங்கியது, முதல் வைத்தியசாலை வாசலுக்கு வந்தது, முதல் ஈ.சி.ஜி. எடுத்தது, இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து தொடங்கியது. வாசலுக்கு வந்து 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்திருக்க வேண்டும். அடைபட்ட இதய இரத்தக்குழாயை 120 நிமிடத்துக்குள் பலூன் வைத்துத் திறக்க முடியாத தூரத்தில் இருப்பவருக்கு, நோய் நிச்சயமானதும் கரைக்கும் மருந்தைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். நமது கிராமங்கள் பலவற்றின் நிலை இதுதான். இந்த மருந்தின் பலன் முதல் சில மணித்தியாலங்களில்தான் மிக அதிகம். 12 மணித்தியாலம் கடந்தால் பெரும்பாலும் கொடுப்பதில்லை.

இந்த நேரங்கள் எங்கே பிழைக்கின்றன? ஈ.சி.ஜி. இயந்திரத்தின் கடிகாரத்தில். மின்கலம் பழுதாகி, மின் தடைப்பட்டு வந்ததும் பல இயந்திரங்கள் பழைய திகதிக்குப் போய்விடும். தாளில் அச்சாகும் நேரம் அந்தப் பிழையோடு வரும். பிறகு நோயாளியின் கட்டில் குறிப்பேடான பி.எச்.ரி.யைப் புரட்டினால் ஈ.சி.ஜி. எடுக்குமுன்னமே ஊசி போட்டதாக இருக்கும். தினமும் காலைக் கடமை தொடங்கும்போது இயந்திரக் கடிகாரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதும், தாளில் பேனாவால் நேரத்தை எழுதுவதும் ஒரு நிமிட வேலை. அந்தத் தாள் வெப்பத்தில் அச்சாகும் தாள் என்பதையும் மறக்கக்கூடாது. நமது வெக்கையில், பிளாஸ்திக் உறைக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் கோடு மங்கி வெறுந்தாளாகிவிடும். எடுத்த அன்றே போட்டோப் பிரதி எடுத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும். தாள் வேகம் செக்கனுக்கு 25 மி.மீ. என்பது பிரதியில் தெரிய வேண்டும்.

வலி தொடங்கிய நேரத்தை நோயாளியிடம் கேட்பது தனிக் கலை. “எத்தனை மணிக்கு?” என்றால் “விடியச்சாமம்” என்பார், “இரவிலிருந்து” என்பார். சுபஹு பாங்குக்கு முந்தியா பிந்தியா, கோயில் பூசை மணி கேட்டதா, தோணி கரைக்கு வந்துவிட்டதா, தண்ணீர் கட்ட வயலுக்குப் போகுமுன்னமா என்று கேட்டால் அரை மணித்தியாலத்துக்குள் நேரம் வந்துவிடும். வலி விட்டுவிட்டு வந்திருந்தால், விடாமல் பிடித்துக்கொண்ட நேரத்தை எழுத வேண்டும். சீனி வருத்தக்காரருக்கும் வயதான பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுமுட்டும் வியர்வையும் மட்டும் வரலாம். அதுவும் தொடக்கமே. ‘வாயு’ என்று வீட்டில் குடித்த இஞ்சித் தண்ணீரும், கடையில் வாங்கிய நெஞ்செரிவுக் குளிசையும் எத்தனை மணித்தியாலத்தைத் தின்றன என்பதற்கும் ஒரு நிரல் வேண்டும். தாமதம் வீட்டிலா, வீதியிலா, வைத்தியசாலைக்குள்ளா என்று தெரிந்தால்தான் எங்கே திருத்துவது என்று தெரியும்.

சிகிச்சை நிரலில், கட்டியைக் கரைக்கும் மருந்துகளில் ஒன்றான ‘ஸ்ரெப்ரோகைனேஸ் கொடுக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் போதாது. 15 இலட்சம் அலகை 30 முதல் 60 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் பிறஷர் விழும், நிறுத்துவார்கள், சில வேளை மீதி ஏறாமலே போகும். அப்படியிருந்தும் பதிவில் ‘கொடுக்கப்பட்டது’ என்றே இருக்கும். முழுதும் ஏறியதா என்று கேட்க வேண்டும். இன்னொரு கரைக்கும் மருந்தான ரெனெக்ரெபிளேஸ் என்றால் உடல் எடையைப் பார்த்து 30 முதல் 50 மி.கி.; படுத்த படுக்கையாக வருபவரின் எடையைக் கண்மதிப்பில் போடுகிறார்கள். அளவு கூடினால் மூளையில் இரத்தம் கசியும் ஆபத்து இருப்பதால், எடை தராசில் நிறுத்ததா கண்ணால் மதித்ததா என்பதும் பதியப்பட வேண்டும். மருந்து தொடங்கி 60–90 நிமிடத்தில் இரண்டாவது ஈ.சி.ஜி. எடுத்து, உயர்ந்த எஸ்.ரி. பகுதி பாதிக்கு மேல் இறங்கியதா என்று பார்ப்பது விடுபட்டால், குழாய் திறக்காத நோயாளியை உடனே மேலிடத்துக்கு அனுப்பும் வாய்ப்பும் விடுபடும். இது புத்தகப் பேச்சு அல்ல. 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 நோயாளர் இருந்தார்கள். ஸ்ரெப்ரோகைனேஸும் அஸ்பிரினும் இரண்டுமே கிடைத்தவர்களில் ஐந்து வார இதய, இரத்தக்குழாய் மரணம் 100க்கு 8; இரண்டும் கிடைக்காதவர்களில் 13.

28ஆம் நாளுக்கு வருவோம். அந்த வாரமே கிளினிக் திகதி கொடுத்தால் பாதி வேலை முடியும். வராதவரைத் தொலைபேசியில் தேட வேண்டும். சிம் மாறும், மகன் கத்தாரில் இருப்பார். ஆகவே இரண்டு உறவினரின் இலக்கம் வாங்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. அதன் பிறகும் கிடைக்காதவர்களை ‘உயிரோடு’ என்று போடுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை. 100 பேரில் 5 மரணம், 20 பேர் தொடர்பில் இல்லை என்றால் ‘5 வீத மரணம்’ அல்ல. அந்த 20 பேரையும் தனி வரியில் காட்ட வேண்டும். கிடைக்காதவர்களிடையே இறந்தவர்கள் கூடுதலாக இருப்பது வழமை.

ஒரு வருடத்தில் மறுபடி கேட்க வேண்டியது குளிசை பற்றி. “குடிக்கிறீர்களா?” என்றால் எல்லோரும் “ஓம்” என்பார்கள். குளிசை மட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்க்க வேண்டும். அஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்ரற்றினும் ஏன் நின்றன? கொழுப்பு குறைந்துவிட்டதென்று தானே நிறுத்தியதா, 2022 நெருக்கடியில் போல மருந்தே இல்லாமற் போனதா, கிளினிக்குக்கு வர ஒரு நாள் கூலி போகிறதா? மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. புகைப்பதையும், வெற்றிலையோடு புகையிலை சப்புவதையும் தனித்தனி நிரலில் கேட்கவும் வேண்டும். சப்புவதும் மாரடைப்பு ஆபத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குவதை இன்ரர்ஹார்ட் காட்டியிருக்கிறது.

வீட்டில் நடக்கும் திடீர் மரணங்கள் கடினமான பகுதி. காரணம் தெரியாத இடத்திலெல்லாம் ‘மாரடைப்பு’ என்று விழுந்துவிடுகிறது. எல்லோருடைய இதயமும் கடைசியில் நிற்கத்தான் செய்யும். உடனடி நல்லடக்கம் வேண்டும் குடும்பங்களில் பிரேத பரிசோதனையை எதிர்பார்க்க முடியாது, வற்புறுத்தவும் கூடாது. நாற்பது நாள் கழிந்தபின், உலக சுகாதார நிறுவனத்தின் வாய்மொழி விசாரணைப் படிவத்தை வைத்துப் பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டாரிடம் பொறுமையாகக் கேட்கலாம். அந்த விடையை ‘உறுதி’, ‘சாத்தியம்’, ‘தெரியாது’ என்று பிரித்து வைத்தாலே பெரிய முன்னேற்றம்.

இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு நோயாளிக்கு ஏ4 தாளில் ஒரு பக்கம், ஒவ்வொரு வைத்தியசாலையிலும் பொறுப்பான ஒரு தாதி உத்தியோகத்தர், மாதம் ஒருமுறை தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வைத்து இரட்டைப் பதிவுகளைக் களையும் ஒருவர். பெயரும் இலக்கமும் அவரைத் தாண்டிப் போகக்கூடாது. போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழும் பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழும் இருப்பதால், இரு தரப்பும் ஒரே படிவத்தை ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் இடமாற்றப்படும் நோயாளி நடுவழியில் காணாமற் போவார். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களும் கிழக்குப் பல்கலைக்கழக சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடமும் ஒரு மேசையில் அமர்ந்து முதல் ஆறு மாதத்துக்கு எஸ்.ரி. உயர்ந்த மாரடைப்பை மட்டும் பதியத் தொடங்கலாம்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். நெஞ்சு இறுக்கமோ, காரணமில்லாத வியர்வையோடு மூச்சுமுட்டோ வந்தால் ஓட்டோ தேடாமல் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். தொடங்கிய நேரத்தை ஒரு துண்டில் எழுதி, பழைய ஈ.சி.ஜி. பிரதியும் கிளினிக் கொப்பியும் இருந்தால் அவற்றோடு சேர்த்து, கூடப் போகிறவரின் கையில் கொடுத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
சுகாதாரப் புள்ளிவிபரப் பணியில் உள்ள சிலர்,
மட்டக்களப்பு – கல்முனை