கொதிக்கும் தேநீருக்குப் பிளாஸ்டிக் பையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் பலர் ஒட்டுக்கடையில் நின்று தேநீர் கட்டிக்கொண்டு போகிறார்கள். கொதிக்கக் கொதிக்க மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ராஃபியா கயிற்றால் வாயைக் கட்டி மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொள்கிறார்கள். கை வைக்க முடியாத சூடு. தோசைக்குச் சாம்பார், ரொட்டி சானாய்க்குப் பருப்புக் கறி, எல்லாம் அப்படித்தான். இந்தப் பழக்கத்தை விட்டுவிடுவோம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் எல்லாமே விஷம் என்று சொல்லவில்லை. அரிசி, சீனி போட்டு வைப்பதில் பெரிய கவலை இல்லை. சூடும் எண்ணெயும் சேரும்போதுதான் பிளாஸ்டிக்கில் உள்ள ரசாயனங்கள் உணவில் அதிகமாக இறங்குகின்றன. காலி ஐஸ்கிரீம் டப்பாவில் மீன் கறியை ஓர் இரவு வைத்துப் பாருங்கள். எவ்வளவு தேய்த்தாலும் மஞ்சள் கறை போகாது, வாடையும் போகாது. கறி டப்பாவில் ஊறுகிறது என்றால், டப்பாவில் இருப்பதும் கறிக்குள் வரத்தானே செய்யும்?

ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடும் பிஸ்பெனால் ஏ கலந்த பால் புட்டிகளுக்கு நம் மலேசிய அரசாங்கம் 2012 மார்ச்சிலேயே தடை போட்டது. கடைப் பை வேறு வகை, அதில் இந்த ரசாயனம் இருக்காது என்பார்கள். சரி. ஆனால் 2020-இல் அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் பாலிபுரோப்பிலீன் பால் புட்டிகளைச் சோதித்தார்கள். தண்ணீரின் சூடு ஏற ஏற, உதிரும் நுண்துகள்களும் பெருகின. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும், சூடு தாங்கும் என்று பெயரெடுத்த பிளாஸ்டிக் அது! அந்தத் துகள்கள் உடலை என்ன செய்யும் என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். முடிவு தெரியும்வரை நம் பிள்ளைகளுக்கு அதையே ஊட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?

மினரல் வாட்டர் போத்தலும் அப்படித்தான். ஒருமுறை குடித்துவிட்டுப் போடுவதற்காகச் செய்தது, சுடுதண்ணீர் ஊற்றினாலே நெளிந்துவிடும். அதையே மாதக்கணக்கில் நிரப்பி, செம்பனைக் காட்டு வெயிலில் வைத்துக் குடிக்கிறோம்.

பால்மரம் வெட்டப் போன நம் பாட்டிமார் தூக்கில்தான் தேநீர் கொண்டு போனார்கள். பல வீடுகளில் அந்தத் தூக்கு அலமாரி மேல் சும்மாதான் கிடக்கிறது. எடுத்துக் கழுவுங்கள், அவ்வளவுதான். கடைக்காரர்களும் தூக்கு நீட்டுபவரிடம் முகம் சுளிக்காமல் 20 காசு குறைத்துக் கொடுத்தால் ஒரு மாதத்தில் பழக்கம் மாறும். அன்னதானத்தில் மிஞ்சும் சாம்பாரைப் பையில் கட்டிக் கொடுக்கும் கோயில் நிர்வாகங்கள், பாத்திரம் கொண்டுவரும்படி முன்கூட்டியே ஒலிபெருக்கியில் சொல்லலாம். சூடான உணவுக்குப் பிளாஸ்டிக் பை கூடாது என்பதைக் கடை லைசென்ஸ் நிபந்தனைகளில் சேர்க்க நகராண்மைக் கழகம் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்