ஜூன் 15 வேண்டாம் என்று சொல்லப் போகிறேன்

மண்டபம்,
மார்ச் கடைசி வாரம்

அன்புள்ள முருகேசா,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உன் வீட்டுச் செய்திகளை விரிவாக எழுது; எனக்கு இன்று உன்னிடம் பேச ஒரே விஷயம்தான் இருக்கிறது.

எங்கள் மீன் ஏற்றுமதி நிறுவனத்தில் கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பதியும் ஈஆர்பி என்னும் புதிய மென்பொருளை ஜூன் 15 அன்று தொடங்குவதென்றும், அதற்கான பயிற்சி முழுவதையும் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலேயே முடித்துவிடுவதென்றும் நிர்வாகம் நாள் குறித்துவிட்டது. பயிற்சியைத் திட்டமிடும் பொறுப்பு எனக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், சரக்கு குறையும், ஆட்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். அதில் பாதி எனக்கும் சம்மதமே. ஆனால் ஏப்ரலில் திரையில் பார்த்ததை இரண்டு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, விசைப்படகுகள் இறாலோடு வந்து நிற்கும் வாரத்தில் முதன்முதலாகச் செய்யச் சொன்னால் எடை மேடையில் என்ன நடக்கும்?

அமெரிக்காவின் ஹெர்ஷி நிறுவனம் 1999 ஜூலையில், மிட்டாய்க்கு ஆர்டர் குவியும் பருவத்தை ஒட்டிப் புதிய மென்பொருளுக்கு மாறியது. கிடங்கில் சரக்கு இருந்தும் ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியாமல் தவித்தது. இதைக் கூட்டத்தில் சொல்லத்தான் போகிறேன்.

மென்பொருள் விற்றவர்கள் அனுப்பிய பயிற்சி அட்டவணையைப் பார்த்தால் உனக்கும் கோபம் வரும். கொள்முதல், இருப்பு, கணக்கு என்று மெனு வரிசையில் போகிறது. நண்டு எந்த வரிசையில் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எடை மேடையில் நிற்கும் அக்காவுக்குத் தெரிய வேண்டியவை படகு எண், இனம், தரம், எடை, லாட் (ஒன்றாகக் கையாளும் சரக்குத் தொகுதி) எண் ஆகியவைதான். ஆனால் அவர் படகு எண்ணைத் தவறாகப் பதிந்தால் அந்தத் தவறு ஏற்றுமதி வரை போகும். 2010 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கடல் மீன் அனுப்பப் மீன் சட்டப்படி பிடிக்கப்பட்டது என்று காட்டும் பிடிப்புச் சான்றிதழ் கட்டாயம் என்பதையும், அந்தச் சான்றிதழுக்கான விவரம் தன் கையிலிருந்துதான் தொடங்குகிறது என்பதையும் அவருக்குச் சொல்லாத பயிற்சி என்ன பயிற்சி? ஆகவே, ஒரு பெட்டி நண்டு கரையிலிருந்து கண்டெய்னர் வரை போகும் வழியிலேயே பாடத்தை அமைக்கிறேன். பயிற்சிக்கென்று தனியாக வைத்த மென்பொருள் பிரதியில், எங்கள் படகுகள், எங்கள் வியாபாரிகள், எங்கள் தரப் பிரிவுகள். எடை தப்பினால் திருத்துவது எப்படி, ஆய்வகம் பாதி லாட்டை நிராகரித்தால் என்ன செய்வது, மின்சாரம் போனால் எந்தத் தாளில் எழுதி வைப்பது என்பவற்றுக்குத்தான் அதிக நேரம். பனிக்கட்டி நீரில் நனைந்த கையுறையோடு அந்தத் தொடுதிரை வேலை செய்கிறதா என்பதைக்கூட இன்னும் யாரும் சோதிக்கவில்லை.

தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகின்றனவே. அவற்றின் நண்டும் கணவாயும் சிறு சிறு லாட்டாக வரும். மே நடுவில் அந்தச் சரக்கை மட்டும் புதிய மென்பொருளில் ஏற்றத் தொடங்கினால், இன்று கற்றவர் நாளைக் காலையில் செய்து பார்ப்பார், தவறினாலும் இழப்பு சிறிது. ஜூனில் தடுமாறுபவருக்கு அருகில் நின்று உதவுவதற்கு, வெளியாட்களை விட இப்படிக் கைபழகிய எங்கள் மேற்பார்வையாளர்களே பொருத்தம். விசைப்படகுச் சரக்கை ஜூலையில் சேர்த்துக்கொள்ளலாம்.

பயிற்சி என்றாலே புரொஜெக்டரும் பிஸ்கட்டும் என்று நீ சிரிப்பது கேட்கிறது. சிரி, ஆனால் ஒன்றைக் கேள். வருடக்கணக்காக நோட்டில் பிசகில்லாமல் எடை எழுதிவரும் ஒரு அம்மா, "கம்ப்யூட்டர் வந்தா எங்களை நிப்பாட்டிருவாங்களா தம்பி?" என்று என்னிடம் கேட்டார். நிர்வாகம் இதற்கு வாய்திறந்து பதில் சொல்லாமல் முதல் வகுப்பைத் தொடங்க நான் ஒப்பமாட்டேன்.

கூட்டம் வரும் திங்கட்கிழமை. உன் கிடங்கு ஆட்களுக்கு நீ தயாரித்த பயிற்சித் தாள்களையும், அங்கே மென்பொருள் தொடங்கிய முதல் மாதத்தில் எத்தனை பதிவுகளைத் திருத்த வேண்டியிருந்தது என்ற உன் கணக்கையும் அதற்குள் அனுப்பிவை. மே நடுவில் இரண்டு நாள் விடுப்புக் கிடைத்தால் நேரில் வந்துவிடு.

அன்புடன்,
ஜோசப்