அப்பா தனியாக நடந்துபோய் பால் வாங்கி வந்தார்

உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா தெருமுனைக் கடைக்குத் தனியாக நடந்துபோய் பால் பாக்கெட் வாங்கி வந்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு. அம்மா வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் அப்பாவும் ஹவில்தார். நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு, 2002-ல் ராஜஸ்தான் எல்லையில் கண்ணிவெடி வேலையில் இருந்தபோது இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அப்புறம் செயற்கைக் காலோடுதான் எங்களை வளர்த்தார். வயதாகி, சர்க்கரை வந்து, உடம்பு இளைத்தபோது செயற்கைக் காலின் சாக்கெட், அதாவது மீதிக் கால் நுழைகிற குழி, தளர்ந்து உரச ஆரம்பித்தது. புண் வந்தது. அப்பா யாரிடமும் சொல்லவில்லை. 'சிக் ரிப்போர்ட்' போவதே, அதாவது உடம்பு சரியில்லை என்று போய்ச் சொல்வதே, அவமானம் என்று நினைக்கிற தலைமுறை அது.

முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ் பாலிகிளினிக்கின் டிரெஸ்ஸிங் ரூம் சிஸ்டருக்குத்தான் முதல் நன்றி. சர்க்கரை மாத்திரை வாங்கப் போனவரின் நடையைப் பார்த்துவிட்டு, "ஐயா, காலைக் கழற்றுங்க, பார்க்கணும்" என்றார். நாங்கள் ஒரே வீட்டில் இருந்தும் கேட்காத கேள்வி அது. இடையில் ஒரு மருத்துவமனையில், முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிடலாம் என்றார்கள். அவசரப்பட வேண்டாம் என்று தடுத்து, நான்கு மாதம் பொறுமையாகப் புண்ணை ஆற்றிய பாலிகிளினிக் டாக்டருக்கு எப்படி நன்றி சொல்வது?

எங்கள் தெரு சுபேதார் மாமா ரெஃபரல் கடிதம், பழைய பட்டாள டிஸ்சார்ஜ் புத்தகம், ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டு அலைந்தார். புனே வரைக்கும் கூடவே வந்தார்.

அங்கே ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் 1944-லிருந்து இயங்குகிறது. பிளாஸ்டரில் அச்சு எடுத்தவர் அவசரமே படவில்லை. ஈரத் துணியைச் சுற்றியபடி, எந்த இடத்தில் அழுத்தினால் வலிக்கிறது என்று கட்டைவிரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டு, நீலப் பென்சிலால் குறித்துக்கொண்டார். புதுக் கால் பொருத்தி இணைக்கம்பிகளுக்கு நடுவே நடந்தபோது அப்பா வலியை மறைக்கப் பார்த்தார். அச்சு எடுத்தவர் விடவில்லை. மூன்று முறை கழற்றித் தேய்த்துச் சரிசெய்தார்.

பக்கத்துக் கட்டிலில் இமாச்சலப் பையன் ஒருவன், முதல் தடவையாகக் கால் பொருத்த வந்திருந்தான். செயற்கைக் காலுக்குள் போடும் துணி உறையைச் சுருக்கம் இல்லாமல் மாட்டுவது எப்படி என்று அப்பா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்று ராத்திரி அந்தக் கண்ணிவெடியைப் பற்றி அவனிடம் இந்தியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாராம். சுபேதார் மாமா சொல்லித்தான் தெரியும். இருபது வருஷமாக நாங்கள் கேட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊருக்கு வந்த பிறகு, நடு ராத்திரியில் எழுந்து வாசலில் உட்காருவது குறைந்திருக்கிறது. அந்தத் தம்பிக்கும் எங்கள் வீட்டின் நன்றி. அவன் நன்றாக நடக்க வேண்டும்.

சிஸ்டர், அடுத்த மாதம் மாத்திரைக்கு வருகிறோம். அப்பாவே வரிசையில் நிற்பாராம். நீங்கள் கேட்பதற்கு முன்னால் காலைக் கழற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
ஒரு ஹவில்தாரின் மகள்
வேலூர் மாவட்டம்