வால்வோடு வரும் ஜெராக்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

1923-ஆம் ஆண்டு பாய்லர் சட்டத்தை எடுத்துவிட்டு 2025-இல் புதுச் சட்டம் வந்தபோது, தொழில் செய்பவர்களுக்குக் கெடுபிடி குறையும் என்று பேசிக்கொண்டார்கள். சரி, குறையட்டும். கோவையில் ஒரு வால்வு பட்டறையில் 22 வருடமாக டெஸ்டிங் பார்க்கிறேன். எனக்குத் தலைவலி கொடுப்பது வால்வோடு வரும் சான்றின் ஜெராக்ஸ்தான்.

ஐபிஆர் எனும் இந்திய பாய்லர் விதிக்கு உட்பட்ட ஸ்டீம் லைனில் மாட்டும் வால்வுக்கு 'ஃபார்ம் 3-சி' என்று ஒரு சான்று உண்டு. வார்ப்பின் ரசாயனக் கலவை, இழுவைச் சோதனை, தண்ணீர் அழுத்தச் சோதனை எல்லாம் பார்த்துத்தான் அதில் ஆய்வாளர் கையெழுத்துப் போடுவார். அதற்கு முன்னால் டிராயிங்குக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். அது தாமதமாகிறது என்று எங்கள் ஆட்களே புலம்புவார்கள். பாதி நேரம் சுவர் கனக் கணக்கை நாங்களே தப்பாக அனுப்பியிருப்போம். சான்றில் உள்ள ஹீட் நம்பரும் வால்வின் உடம்பில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். எந்த உருக்கில் ஊற்றிய வார்ப்பு என்பதற்கு அதுதான் அடையாளம்.

போன மாதம் ஒரு சாயப்பட்டறையிலிருந்து இரண்டரை இஞ்ச் குளோப் வால்வு ரிப்பேருக்கு வந்தது. கூடவே பிளாஸ்டிக் கவரில் சான்றின் நகல். பெயிண்டைச் சுரண்டினேன். நம்பர் இருந்த இடத்தில் கிரைண்டர் ஓட்டிய தடம். அதன்மேல் சான்றுக்குப் பொருந்தும்படி புதிதாகப் பஞ்ச் அடித்த எண்கள், ஒரு 8 மட்டும் சாய்ந்து கிடந்தது. பெஞ்சில் ஏற்றித் தண்ணீர் அடித்தோம். வால்வின் கழுத்துக்குக் கீழே ஊசிமுனை அளவில் வியர்த்தது. தண்ணீராக இருக்கப்போய் சொட்டியது. இதுவே நீராவியாக இருந்தால், 10 கிலோ அழுத்தத்தில் அதன் சூடு சுமார் 184 டிகிரி.

கொண்டுவந்த மெயின்டனன்ஸ் தம்பியிடம் கேட்டால், "பேப்பர் இருக்குல்லண்ணா, அப்புறம் என்ன?" என்கிறான். அவனையும் குறை சொல்ல முடியவில்லை. பாதி விலைக்குப் பளபளவென்று கிடைத்திருக்கிறது. கடையில் நின்றபடி அந்தத் தாள் நிஜமா என்று பார்க்க அவன் கையில் என்ன இருக்கிறது?

தங்கத் தோட்டில் பொறித்த ஆறிலக்க ஹால்மார்க் அடையாளக் குறியீடான ஹெச்யுஐடி-யை 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டினால் விவரம் வந்துவிடுகிறது. நீராவி வால்வுக்கும் அதே வசதியைப் பாய்லர் துறை செய்து தர வேண்டும். சான்று எண்ணைப் போட்டால் அளவும் ஹீட் நம்பரும் செய்தவர் பெயரும் தெரிந்தால் போதும்.

ஓனரிடம் சொல்லி அந்த வால்வை இரண்டாக அறுத்து டெஸ்ட் பெஞ்ச் பக்கத்தில் வைத்திருக்கிறோம். உள்ளே காற்றுக்குமிழி ஓட்டைகள் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன.

- ஒரு வால்வு பரிசோதகர்,
கணபதி, கோவை.