சாம்பலுக்கும் எனக்கும் பிறந்த தேதி

பட்டர்வொர்த், பினாங்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

படிவத்தில் எழுத என் பிறந்த தேதியைக் கேட்டிருந்தாய். பிறப்புப் பத்திரத்தில் மார்ச் 12 என்று இருக்கிறது. அது எஸ்டேட் கிராணி எழுதிய தேதி. பதிந்துவர உன் தாத்தாவுக்கு லீவு கிடைக்க ஒன்றரை மாதம் ஆனதாம். தைப்பூசத்துக்கு மறுநாள் விடியற்காலையில் நான் பிறந்தேன் என்று பாட்டி கடைசிவரை அடித்துச் சொன்னார்.

போன ஞாயிறு சித்தப்பாவோடு லெங்கோங் போனபோது இதுதான் மனத்தில் ஓடியது. அங்கே கோத்தா தம்பானில் நீ சொன்ன தோபா எரிமலைச் சாம்பலைப் பார்த்தேன். முகப்பவுடர் மாதிரி வெளுப்பு. தேய்த்தால் விரலில் நெறுநெறுக்கிறது. பெரும்பாலும் கண்ணாடித் துணுக்குகள் என்றாயே, சரிதான். மலாக்கா நீரிணையைத் தாண்டி சுமத்ராவிலிருந்து வந்து விழுந்த சாம்பல்! ஆந்திராவின் ஜ்வாலாபுரத்திலும் இதே சாம்பல் கிடக்கிறது என்றாய். அடியில் கிடப்பது மூத்தது, மேலே கிடப்பது இளையது; எதற்கு முன், எதற்குப் பின் என்று சொல்லும் பாட்டியின் தைப்பூசக் கணக்கும் அதே மாதிரிதான்.

கரியை வைத்து வயது பார்க்கும் முறை ஏன் ஆகாது என்று நான் கேட்டதற்குச் சிரித்தாய். இப்போது புரிகிறது. சாம்பல் என்று பெயரே தவிர, அது எரிந்த விறகு அல்ல, பாறைத் தூள். பக்கத்தில் அடுப்புக்கரியே கிடைத்தாலும் அந்த முறை ஏறக்குறைய 50,000 ஆண்டோடு நின்றுவிடும்.

நீ செய்யும் ஆர்கான் கணக்கை சித்தப்பாவுக்கு உண்டியல் வைத்து விளக்கினேன். பூமிக்கடியில் பாறை குழம்பாகக் கொதிக்கும்போது ஆர்கான் வாயு வெளியேறி உண்டியல் காலியாகிறது. வெடித்துக் குளிர்ந்ததும் பூட்டு விழுகிறது. அதன்பிறகு படிகத்துக்குள் இருக்கும் பொட்டாசியம்-40 மெல்லச் சிதைந்து ஆர்கானைக் காசாகப் போடுகிறது. அதில் பாதி தீர 125 கோடி ஆண்டு ஆகும். சேர்ந்த காசையும் மிஞ்சிய பொட்டாசியத்தையும் ஒப்பிட்டால் பூட்டிய நாள் தெரிந்துவிடும். "அப்படியானால் பழைய உண்டியல் ஒன்று கலந்துவிட்டால்?" என்று கேட்டாரே பார்க்கலாம்! தோபா அதற்கு முன்பும் வெடித்த மலை ஆயிற்றே. அதற்காகத்தான் என் மகள் நுண்ணோக்கியில் குனிந்து சனிடைன் என்ற பொட்டாசியப் படிகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறாள் என்றேன். பாட்டி முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிய அதே குனிவு உனக்கு.

இந்தச் சாம்பலுக்கும் முதலில் 31,000 ஆண்டு என்று தப்பான வயதுதான் எழுதியிருந்தார்கள். யுரேனியம் பிளந்து விட்ட கீறல்களை எண்ணிப் போட்ட கணக்கு அது. 2012-இல் லெங்கோங் படிகங்களை வைத்தே 73,880 என்று திருத்தினார்கள்; முன்பின் 320 ஆண்டு. அதோடு பார்த்தால் என் ஒன்றரை மாதம் ஒன்றுமே இல்லை.

படிவத்தில் மார்ச் 12 என்றே எழுது. அரசாங்கத்தோடு வம்பு வேண்டாம். வாழ்த்துச் சொல்ல மட்டும் தைப்பூசத்துக்கு மறுநாள் கூப்பிடு. அம்மா அன்றைக்குத்தான் பாயசம் வைக்கிறாள்.

அன்புடன்,
அப்பா