முன்பக்கம் சாமை, பின்பக்கம் மைதா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதானியங்களின் பெருமையைச் சொல்லும் கட்டுரைகள் தங்கள் நாளிதழில் மாதம் தவறாமல் வருகின்றன. அவற்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை மட்டும் யாரும் எழுதக் காணோம். நான் நியாயவிலைக் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மூட்டையில் ஊசியைக் குத்தி, சரிந்து விழும் அரிசியை உள்ளங்கையில் ஏந்தி, பழுப்பு எவ்வளவு, நொய் எவ்வளவு, வண்டு உண்டா இல்லையா என்று பார்ப்பதிலேயே என் காலம் போனது. வேலை போனாலும் அந்தக் கை போகவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கடிதம்.

வேலூரில் சத்துவாச்சாரி, காந்தி நகர், பாகாயம் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்போது பாரம்பரிய உணவு அங்காடி ஒன்று கண்ணில் படுகிறது. வாசலில் மண்பானை, உள்ளே பனையோலைப் பெட்டிகள், சுவரில் காளைமாட்டுப் படம். குளிர்சாதனம் இருந்தால் விலை இன்னும் கொஞ்சம் கூடும். இப்படிப்பட்ட சில கடைகளுக்கு நானும் என் மனைவியும் வாடிக்கையாளர்கள். அவருக்குச் சர்க்கரை நோய், எனக்கு நாக்கு நோய். ஆகவே இந்தக் கடைகளையே மூடச் சொல்லி நான் எழுதவில்லை. அங்கே கொடுக்கும் காசுக்குச் சரியான பொருள்களும் இருக்கின்றன, வயிற்றெரிச்சலைக் கிளப்பும் பொருள்களும் இருக்கின்றன.

நல்லதை முதலில் சொல்கிறேன். ஜவ்வாது மலைச் சாமை. மலையில் மானாவாரியாக விளைவது. உமி மட்டும் நீக்கி, தவிட்டை விட்டுவைத்த சாமை கிடைத்தால் விலை கேட்காமல் வாங்கலாம். அதன் நிறம் மங்கலாக, பழுப்பும் சாம்பலும் கலந்து இருக்கும். கையில் அள்ளினால் லேசாக மாவு ஒட்டும். நூற்றுக்கு ஒன்றிரண்டு உமியோடு கிடக்கும், சில சமயம் கல்லும் இருக்கும். என் மனைவி அதை அரிக்கஞ்சட்டியில் போட்டு, தண்ணீர் விட்டுச் சுழற்றிச் சுழற்றி மேலே மிதப்பதை வேறு பாத்திரத்துக்குத் தள்ளுவார். கடைசியில் சட்டியின் வரிகளில் நாலு மணல் பொடி நிற்கும். அந்த வேலைக்குச் சோம்பல்படுபவர்கள் வெள்ளைவெளேரென்ற சாமையைத் தேடிப் போகிறார்கள், கடைக்காரர்களும் அதையே கொண்டுவந்து அடுக்குகிறார்கள். வெளுக்க வெளுக்கத் தீட்டிய சாமையில் தவிடும் இல்லை, மணமும் இல்லை. அதைத் தின்பதற்கு ரேஷன் அரிசியே போதும், அது இலவசமாகவும் கிடைக்கிறது.

ஒரு பங்கு சாமைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்தால் உதிரியாக வரும். மேலே காரக்குழம்பு, தொட்டுக்கொள்ள முள் கத்தரிக்காய்ப் பொரியல். இதற்கு மேல் ஒரு மதியச் சாப்பாட்டை நான் கேட்டதில்லை.

சாமையில் ஒரு சிக்கல் உண்டு. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத சாமை சீக்கிரம் காறிப்போகும். பொட்டலத்தில் அடைத்த தேதி போட்டிருக்கிறார்கள். உமி நீக்கியது எப்போது? அதை யாரும் போடுவதில்லை. மில்லில் அரைத்துக் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்ததை நேற்று பொட்டலம் கட்டினால் தேதி நேற்றையதுதான். மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் தெரிந்துவிடும், ஆனால் ஒட்டிய பொட்டலத்துக்குள் மூக்கை எப்படி விடுவது? எங்கள் தெருமுனைக் கடையில் மட்டும் சாமையும் வரகும் திறந்த சாக்கில் இருக்கின்றன. அங்கே வேலை செய்யும் பையன், "ஐயா, நீங்களே அள்ளிப் பாருங்கள், பிடித்தால் எடை போடுகிறேன்" என்பான். அந்தப் பையனுக்காகவே அந்தக் கடைக்குப் போகிறேன்.

இரண்டாவது, செக்கில் ஆட்டிய வேர்க்கடலை எண்ணெய். இதில் ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்கப் பரிசோதனைக்கூடம் தேவையில்லை, மனக்கணக்குப் போதும். ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். பிண்ணாக்கை விற்றுக் கொஞ்சம் காசு திரும்பும், ஆட்டுக்கூலியும் பாட்டிலும் அதற்குச் சரியாகப் போகும். ஆகவே கடைத்தெருவில் பருப்பு விலை என்னவோ அதை இரண்டரையால் பெருக்குங்கள். அதைவிடக் குறைந்த விலைக்கு ஒருவர் செக்கெண்ணெய் விற்கிறார் என்றால் அவர் தர்மம் செய்கிறார் அல்லது வேறு எண்ணெய் கலக்கிறார். தர்மம் செய்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நல்ல எண்ணெய் பாட்டிலின் அடியில் கொஞ்சம் கசடு தங்கும். அதைக் குறையாக நினைத்துத் திருப்பிக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம். வடை சுடும்போது முதலில் நுரை கட்டும், அதுவும் இயல்புதான்.

சீரகச் சம்பாவும் நல்லதாகக் கிடைக்கிறது. ஆம்பூர்ப் பிரியாணிக்குப் பழகிய நாக்குக்கு வேறு அரிசி ஏறாது. பழைய அரிசிதானா என்று கேட்டு வாங்க வேண்டும், புது அரிசி குழைந்து மானத்தை வாங்கிவிடும்.

மலைத் தேனைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. உறைந்த தேனைச் சர்க்கரைப் பாகு என்று சொல்லித் திருப்பிக் கொடுக்காதீர்கள். தேன் உறைவது இயற்கை. தண்ணீரில் விட்டால் கரையாமல் இறங்கும், தீக்குச்சியில் தடவினால் எரியும் என்று கைப்பேசியில் சுற்றும் சோதனைகளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கெட்டியான பாகும் அதே வித்தைகளைக் காட்டும்.

இனி வயிற்றெரிச்சல்.

சாமை நூடுல்ஸ் என்று ஒரு பொட்டலம். முன்பக்கம் முழுக்கச் சாமைக் கதிர், பச்சை வயல், தாவணி கட்டிய பெண். பேரன் கேட்டான் என்று வாங்கிவந்தோம். பின்பக்கத்தில் கடுகளவு எழுத்தில் சேர்மானப் பட்டியல் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். முதலில் மைதா, 70 சதவீதம். பிறகு சாமை மாவு, 15 சதவீதம். அதற்குப் பின் உப்பு, பாமாயில், எண்களோடு என்னென்னவோ. எந்தப் பொருள் எடையில் அதிகமோ அது பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பெயரிலோ படத்திலோ பெருமைப்படுத்தும் பொருள் எத்தனை சதவீதம் என்று குறிப்பிட வேண்டும் என்பதும் விதிதான். ஆக, அந்த நிறுவனம் சட்டப்படி எந்தத் தவறும் செய்யவில்லை. உண்மையை எழுதிவிட்டார்கள், யாரும் படிக்காத இடத்தில் எழுதிவிட்டார்கள்.

விலையையும் பாருங்கள். 180 கிராம் 60 ரூபாய். ஒரு கிராமுக்கு 0.33 ரூபாய் என்று அலகு விலை வேறு அச்சிட்டிருந்தது. 33 காசு என்றால் யாருக்கு என்ன உறைக்கும்? ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ 330 ரூபாய். அதே கடையில், கைக்கெட்டும் தூரத்தில், முழுக் கேழ்வரகு அதில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு இருந்தது. மைதாவை முன்னூறு ரூபாய்க்கு விற்கும் சாமர்த்தியத்தை நாங்கள் ரேஷன் கடையில் காட்டியிருந்தால் அன்றைக்கே கம்பி எண்ணியிருப்போம்.

கேழ்வரகு பிஸ்கட், கம்பு ரஸ்க், வரகு முறுக்கு எல்லாம் இதே கதைதான். சத்துமாவில் இருபது தானியத்தின் பெயரைப் போட்டிருப்பார்கள். பட்டியலின் முதல் இரண்டு இடத்தில் கோதுமையும் பொட்டுக்கடலையும் உட்கார்ந்திருக்கும், கடைசி பத்தும் சாட்சிக்கு வந்தவை. சிலவற்றில் நாட்டுச் சர்க்கரையையும் கலந்தே விற்கிறார்கள். நாட்டுச் சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரையைத்தான் ஏற்றும் என்று டாக்டர் என் மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சர்க்கரை நோயாளிகளை நம்பி நடக்கும் கடையில் இதைச் சொல்ல ஆள் இல்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம், சிறுதானிய மக்கன் பேடா! கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே முந்திரி பாதாம் வைத்து, பொரித்து, பாகில் ஊறவைத்தால்தான் அது ஆற்காட்டு மக்கன் பேடா. தினையும் கருப்பட்டியும் சேர்த்து ஒரு கரிய உருண்டையைச் செய்து அதே பெயரில் விற்கிறார்கள். பாதியைக் கடித்துவிட்டு மீதியை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தேன். உடம்புக்கு ஆகாது என்றால் மக்கன் பேடாவைத் தின்னாமல் இருக்கலாம், அதற்கு எதற்கு இந்தத் தண்டனை?

கருப்பட்டியில் சர்க்கரை கலப்பது ஊரறிந்த செய்தி. உடைத்துப் பார்த்தால் உட்புறம் மினுமினுவென்று சர்க்கரைப் படிகம் தெரிந்தால் வைத்துவிட்டு வர வேண்டியதுதான். வெல்லத்தில் வேறு வித்தை. பொன்னிறமாக வர வேண்டும் என்று காய்ச்சும்போதே 'ஹைட்ரோஸ்' என்கிற வெளுப்பு மருந்தைப் போடுகிறார்கள். குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கம் கரும்பு வெல்லத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, மருந்து போடாத வெல்லம் கறுத்துத்தான் இருக்கும் என்பது தெரியும். ஆனால் வாங்க வருகிறவர்கள் கறுப்பைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள். இயற்கை அங்காடி என்று பலகை மாட்டியவர்களாவது கறுத்த வெல்லத்தை முன்னால் வைத்து, ஏன் கறுப்பு என்று சொல்லி விற்க வேண்டாமா? நான் போன ஒரு கடையில் மஞ்சள் வெல்லம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. கேட்டதற்கு, "அதுதான் ஐயா ஓடுகிறது" என்றார் உரிமையாளர். அவர் சொன்னதில் பொய் இல்லை.

கறுப்புக் கவுனி பற்றிச் சொல்லாவிட்டால் என் மனைவி கோபித்துக்கொள்வார். இரவே ஊறவைக்க வேண்டும், அப்படியும் குக்கரில் நேரம் பிடிக்கும். ஊறிய தண்ணீர் ஊதாவாக மாறினால் பயப்படத் தேவையில்லை, அந்த நிறம் தவிட்டில் இருப்பது. வெந்த பிறகும் அரிசி கருமை மாறாமல் இருக்க வேண்டும். வெளுத்துப்போனால் தீட்டிவிட்டார்கள் அல்லது சாயம் ஏற்றிவிட்டார்கள். மாப்பிள்ளைச் சம்பாவைச் சோறாக வடித்துச் சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை. இட்லிக்கும் கஞ்சிக்கும் அருமை. இது என் நாக்கின் தீர்ப்பு, மேல்முறையீடு செய்யலாம்.

இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது எங்கள் மாவட்டத்துக்கே பெருமை. உடனே சில அங்காடிகள் ஏதோ ஒரு கத்தரிக்காயைப் பனையோலைக் கூடையில் வைத்து அந்தப் பெயரைச் சொல்கின்றன. காம்பில் முள்ளே இல்லை! முள் கத்தரிக்காயை எடுக்கும்போது விரலில் சுருக்கென்று குத்த வேண்டும். காய்கறிக்கு இந்தக் கடைகளுக்குப் போகாதீர்கள். காலையிலேயே உழவர் சந்தைக்குப் போனால் விளைவித்தவரிடமே வாங்கலாம், பாதி விலை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பொட்டலத்தின் முன்பக்கத்தில் எந்தத் தானியத்தின் படத்தைப் போடுகிறார்களோ, அதன் சதவீதத்தை அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே, பெயருக்குச் சமமான எழுத்தில், தமிழில் போட வேண்டும். 15 என்றால் 15 என்று போடட்டும், வேண்டியவர்கள் வாங்கட்டும். தானியத்துக்கு உமி நீக்கிய மாதத்தைப் போட வேண்டும். அலகு விலையைக் கிராமுக்குப் பதில் கிலோவுக்குப் போட்டால் சமையலறையில் இருப்பவர்களுக்கும் கணக்குப் புரியும். உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் பிரியாணிக் கடைகளையும் பானிபூரி வண்டிகளையும் சோதிக்கும் செய்தி படத்தோடு வருகிறது. பனையோலைப் பெட்டி வைத்திருக்கும் கடைகளுக்கும் ஒரு நடை போய் வெல்லத்தையும் கருப்பட்டியையும் எடுத்துச் சோதிக்கலாம்.

அரசுக்கும் ஒரு விண்ணப்பம். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. களி கிண்டிச் சாப்பிட்டு வளர்ந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கு, கேழ்வரகோடு ஜவ்வாது மலைச் சாமையையும் சேர்த்து அதே வசதி வேண்டும். மலையில் விளைவிப்பவருக்கு நிலையான விலை கிடைக்கும். குளிர்சாதனக் கடைக்குள் நுழையத் தயங்கும் சர்க்கரை நோயாளிக்கும் தானியம் கிடைக்கும். தீட்டாத சாமையாக அனுப்பச் சொல்லுங்கள். மூட்டை வந்து இறங்கும்போது யாராவது ஊசியைக் குத்திப் பார்க்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நியாயவிலைக் கடை விற்பனையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.